கோழிச் சிப்பியை எங்கே வைப்பது, எப்போது கொடுப்பது

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும். ஒட்டுசுட்டானில் உங்கள் வளவில் 12 மண்ணிற முட்டைக்கோழி, 6 ஊர்க்கோழி, தாயோடு திரியும் குஞ்சுகள் என்று எல்லாம் ஒன்றாக நிற்கின்றன. ஒரு மாதமாக முட்டை ஓடு மெலிந்துகொண்டு வருகிறது. விடியக் கூட்டைத் திறந்தால் ஓடில்லாமல் தோல் மட்டும் மூடிய தோல்முட்டையும் இரண்டு மூன்று கிடக்கிறது. ஓடு தேறவென்று 5 கிலோ சிப்பித்தூள் வாங்கிக் குசினித் தாழ்வாரத்தில் வைத்தீர்கள். கார்த்திகை மழைச் சாரலில் அது கல்லாக இறுகிவிட்டது. அதை எறிவதா, கொடுப்பதானால் எவ்வளவு, தீனோடு கலப்பதா, வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் போதும் என்று பக்கத்து வளவு ஐயா சொல்வது சரியா?

ஐயாவின் யோசனையை முதலில் தள்ளிவைப்போம். சுண்ணாம்பு வேண்டாம். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, சுண்ணாம்பும் சிப்பியிலிருந்து வந்ததுதான். ஆனால் சிப்பி ஓடு என்பது கல்சியம் காபனேற்று. வாயில் போட்டுக் கடித்தாலும் ஒன்றும் செய்யாது. அதையே சூளையில் சுட்டால் அது வேறு பொருளாகிவிடுகிறது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்து ஆவி எழும்புவதை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்திருப்பீர்கள். நீற்றிய பிறகும் அதன் காரம் போவதில்லை. வெற்றிலையில் கொஞ்சம் கூடினால் நமக்கே நாக்கு வெந்துபோகிறது, கோழியின் வாயும் தொண்டையும் எந்த மூலைக்கு?

இதை நான் படித்துச் சொல்லவில்லை. விசுவமடுவில் நாங்கள் திரும்பக் குடியேறி, முதல் முதலாகக் கோழி வளர்த்த காலத்தில், பழைய பால்மாப் பேணி ஒன்றில் சிப்பியும், அதே மாதிரி இன்னொரு பேணியில் வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பும் ஒரே தட்டில் இருந்தன. ஒரு நாள் பின்னேரம் அவசரத்தில் எந்தப் பேணி என்று பாராமல் ஒரு கை அள்ளிச் சிரட்டையில் போட்டுவிட்டேன். முதலில் வந்த கோழி இரண்டு கொத்துக் கொத்திவிட்டுத் தலையை உதறி உதறி, சொண்டை மண்ணில் தேய்த்தது. அப்போதுதான் விளங்கியது. உடனே சிரட்டையைக் கவிழ்த்து, சொண்டைத் தண்ணீரால் கழுவி விட்டதால் அது தப்பிவிட்டது. அன்றிலிருந்து சுண்ணாம்பு வெளிக் கொட்டிலில், சிப்பி வீட்டுக்குள்ளே. பேணியின் மூடியில் கரியால் எழுதியும் வைப்பேன். நம் வளவுகளில் வெள்ளையாக இருக்கும் சாமான் கொஞ்சமா? யூரியா, உப்பு, சுண்ணாம்பு, டொலமைற், சிப்பித்தூள் எல்லாம் உரப்பைகளிலும் போத்தல்களிலும் கிடக்கும். யூரியா கோழிக்கு நஞ்சு. ஆகவே உரப்பையைக் கழுவிச் சிப்பி போட்டு வைக்கிற பழக்கம் வேண்டாம். மருந்துப் போத்தலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

இப்போது இறுகிப்போன உங்கள் 5 கிலோ. அது வெறும் சிப்பி என்றால் எறிய வேண்டாம். சிப்பிக்குக் காலாவதி கிடையாது; கடற்கரையில் எத்தனையோ வருடம் கிடந்த பொருள். நனைந்தால் தூள் ஒன்றோடொன்று ஒட்டுகிறது, அவ்வளவுதான், சத்து எங்கும் போய்விடவில்லை. உலக்கையால் மெதுவாக உடைத்து, சாக்கில் பரப்பி இரண்டு நல்ல வெயில் காயவிட்டு, அரிதட்டில் அரித்து எடுங்கள். உடைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது. ஆனால் மூன்று விடயம் பார்க்க வேண்டும். பையில் சிப்பியோடு விற்றமின், பொசுபரசு, தவிடு என்று ஏதாவது கலந்ததாக எழுதியிருந்தால் அது நனைந்த பிறகு உதவாது, பூஞ்சணம் பிடித்திருக்கும். மணந்து பாருங்கள், புளித்த அல்லது பூஞ்சண மணம் இருந்தால் தென்னைக்கடியில் கொட்டுங்கள். எலிப் புழுக்கை கண்டாலும் அப்படித்தான். எலி சிப்பியைத் தின்னாது, ஆனால் மூடாத பைக்குள் படுக்கும், மூத்திரம் பெய்யும். வயல் ஊரில் எலிக்காய்ச்சல் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையால் அளைவது நீங்கள்தான்.

சரி, எவ்வளவு என்ற கணக்குக்கு வருவோம். ஒரு கோழிமுட்டையின் ஓடு 5, 6 கிராம் வரும். அதில் கல்சியம் மட்டும் 2 கிராமுக்குச் சற்று மேல். கோழி தின்னும் கல்சியத்தில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேருகிறது. ஆகவே நாளுக்கு ஒரு முட்டை இடும் கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் கல்சியம் வேண்டும். சிப்பியில் நூற்றுக்கு 38, 40 பங்கு கல்சியம். வேறு எதுவுமே கொடுக்காமல் சிப்பியாலேயே ஈடுசெய்வதானால் கோழிக்கு 10 கிராம் வரும்.

ஆனால் நீங்கள் லேயர் மாஸ், அதாவது முட்டைக்கோழிக்கென்று விற்கும் தீன், கொடுக்கிறீர்கள். அந்தத் தீனில் கல்சியம் 3.5 முதல் 4 வீதம் வரை சேர்த்தே வருகிறது. கோழி 110 கிராம் மாஸ் தின்றால் அதிலேயே 4 கிராம் கிடைத்துவிடும், சிப்பி கொஞ்சம் தொட்டுக்கொண்டால் போதும். அப்படியென்றால் உங்கள் முட்டை ஏன் மெலிகிறது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மாஸ் விலை ஏறியதால் பாதியைக் குறைத்துத் தவிடும் குறுணலும் சேர்க்கிறேன் என்று. அங்கேதான் விடை. அரிசியிலும் தவிட்டிலும் கல்சியம் இல்லை என்றே சொல்லலாம். தவிட்டில் இன்னொரு குறையும் உண்டு. அதிலுள்ள பொசுபரசு பெரும்பாலும் பைற்றேற்று என்ற சேர்வையில் கட்டுண்டு இருக்கிறது, அது கோழிக்குச் சரியாகச் சேராததோடு கல்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகப் பாதி மாஸ், பாதி தவிடு என்றால் ஒவ்வொரு கோழிக்கும் 2 கிராம் கல்சியம் குறைகிறது. அதைக் கொடுக்க 5 கிராம் சிப்பி, தேக்கரண்டியில் ஒரு கரண்டி. 12 கோழிக்கு நாளுக்கு 60 கிராம், மாதத்துக்கு 2 கிலோவுக்குள். உங்கள் 5 கிலோ ஏறக்குறைய மூன்று மாதம் வரும். கடைக்காரர் 25 கிலோ மூட்டை மலிவு என்று சொன்னாலும் மாரிக்கு முன் வாங்கி அடுக்காதீர்கள்.

ஊர்க்கோழி இந்தக் கணக்கில் வராது. அது பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு அடைக்குப் போகும், பிறகு குஞ்சோடு திரியும். இடாத நாளில் அதற்குச் சிப்பி பெரிதாகத் தேவையில்லை. புழு, நத்தை, ஓடு என்று கிளறித் தின்றும் கொள்ளும்.

“எங்கள் கிணற்றுத் தண்ணீரே சுண்ணாம்புத் தண்ணீர்தானே, கேத்தில் அடியில் வெள்ளை படிகிறதே” என்று பலர் கேட்பார்கள். கணக்குப் பாருங்கள். லீற்றருக்கு 100 மில்லிகிராம் கல்சியம் உள்ள கடினமான தண்ணீர் என்றே வைப்போம். கோழி கால் லீற்றர் குடித்தால் 25 மில்லிகிராம். தேவை 4000 மில்லிகிராம். கேத்திலுக்குப் படிவது கோழிக்குப் போதாது.

இனி, தூளா நொறுங்கலா. உங்களிடம் இருப்பது தூள் என்று எழுதினீர்கள். அடுத்த முறை நொறுங்கலாகக் கேட்டு வாங்குங்கள், 2 முதல் 4 மில்லிமீற்றர், ஏறக்குறையக் குறுணல் பருமன். காரணம் நேரத்தில் இருக்கிறது. கோழி முட்டையிட்ட பிறகு அடுத்த மஞ்சட்கரு இறங்கி, வெள்ளைக்கரு சுற்றி, ஓடு போடும் இடத்துக்கு வர நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். அங்கே 20 மணித்தியாலம் வரை நிற்கும். அந்த ஓடு போடும் வேலையின் பெரும்பங்கு நடப்பது இரவில், கோழி நித்திரையில், வயிற்றில் தீன் இல்லாத நேரத்தில். தூள் என்றால் மாலைக்குள்ளேயே கரைந்து போய்விடும். நொறுங்கல், வயிற்றில் தீனை அரைக்கும் பைக்குள் தங்கி, விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கொடுத்துக்கொண்டிருக்கும். அது இல்லாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். ஒரு நாள் இரு நாள் என்றால் எலும்புக்குள் அதற்கென்றே ஒரு சேமிப்பு உண்டு. மாதக்கணக்கில் எடுத்தால் கால் இழுத்துப் படுத்துவிடும்.

ஆகவே சிப்பி வைக்கும் நேரம் பின்னேரம் மூன்று, நாலு மணி. கோழிக்கே அது தெரியும், பாருங்கள். காலையில் சிரட்டை நிறைய வைத்தாலும் ஒன்றிரண்டுதான் எட்டிப் பார்க்கும். பொழுது சாயத் தொடங்க, நாளைக்கு முட்டையிடப் போகிற கோழிகள் வந்து தீனை விட்டுச் சிப்பியைத் தேடிக் கொத்தும். இருட்டிய பிறகு ஒன்றைப் பிடித்துக் கழுத்தடி இரைப்பையை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். தவிடும் சோறும் களியாக அமுங்கும், அதற்குள் சிப்பித் துண்டுகள் மணல் மாதிரி நெருடும். நெருடினால் அந்தக் கோழிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இதனால்தான் தீனோடு கலக்க வேண்டாம் என்கிறேன். கலந்தால் இடுகிற கோழிக்கும் இடாத கோழிக்கும் சேவலுக்கும் ஒரே அளவு போகிறது. தனியாக வைத்தால் வேண்டியது வேண்டிய அளவு எடுக்கும். உங்கள் வளவில் குஞ்சுகளும் நிற்பதால் இது இன்னும் முக்கியம். வளரும் குஞ்சுக்குத் தீனில் 1 வீதக் கல்சியம் போதும். 4 வீதம் உள்ள லேயர் மாஸைக் குஞ்சு நாள்தோறும் தின்றால் சிறுநீரகம் பழுதாகும், வெளியில் ஒன்றும் தெரியாமல் பிறகு செத்து விழும். குஞ்சு தவறி ஒரு துண்டுச் சிப்பியைக் கொத்தியதற்குப் பயப்படாதீர்கள். பயப்பட வேண்டியது அந்த லேயர் மாஸுக்குத்தான். கம்பி வலையடித்து, குஞ்சு மட்டும் நுழையும் ஓட்டை விட்டு, உள்ளே குஞ்சுத்தீன் வையுங்கள். மண்ணிறக் குமர்க்கோழிகளை இனி வாங்கினால் 17, 18 கிழமை வயதில், கொண்டை சிவந்து வரும்போது சிப்பிக்குப் பழக்கினால் சரி.

வைப்பதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். நல்ல சிரட்டை இரண்டு. அடியில் ஆணியால் இரண்டு துளை, மழைத்தண்ணீர் வடிய. கூட்டுக் கப்பில், பெரிய கோழியின் முதுகு உயரத்துக்கு அறைந்துவிடுங்கள். கோழிக்கு எட்டும், குஞ்சுக்கு எட்டாது, காலால் கிளறவும் முடியாது. தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், நனைந்த சொண்டோடு வந்து கொத்திக் கொத்திக் களியாக்கிவிடும். கூரைக்குள்ளே, வாடைக்காற்று அடிக்காத பக்கம். ஒவ்வொரு நாளும் கொஞ்சமாகப் போடுங்கள். பன்னிரண்டு கோழிக்கு ஒரு சிரட்டை போதாது, ஒன்று மற்றதைக் கொத்தி விரட்டும். அதனால்தான் இரண்டு என்றேன். இப்போது கையிலுள்ள தூளையும் வீணாக்க வேண்டாம். முட்டைக்கோழிகளுக்கு மட்டும் பின்னேரம் ஒரு பிடி நனைத்த தவிட்டில் பிசைந்து, அவை அங்கேயே தின்று முடிக்கிற அளவுக்குக் கொடுங்கள், தூள் முடியுமட்டும்தான்.

சேமிப்பு என்றால் மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளி, அல்லது வாயகன்ற ஹோர்லிக்ஸ் போத்தல் நாலு. நிலத்தில் வைக்காமல் கல்லிலோ பலகையிலோ வையுங்கள். மாரியில் சீமெந்து நிலமும் வியர்க்கும். கடையில் வாங்கிய பையையே வாளிக்குள் இறக்கிவிட்டால் பெயரும் விபரமும் கூடவே இருக்கும். ஈரக் கையால் அள்ளாதீர்கள், உள்ளே ஒரு சின்னச் சிரட்டையை அகப்பையாகப் போட்டு வையுங்கள். தறப்பாளால் மூடி வெளியில் வைத்தால் மழைக்குத் தப்பும், ஆனால் வெயில் ஏறி இறங்க உள்பக்கம் தண்ணீர் துளிர்த்துச் சொட்டும். சிப்பிக்கு வெயிலால் கேடில்லை. போத்தலில் வரும் திரவக் கல்சியத்துக்கும் விற்றமின் தூளுக்கும்தான் வெயில் எதிரி. குளிர்ந்த இருட்டான இடத்தில் வைத்து, திகதி பார்த்து, தண்ணீரில் கலந்து மிஞ்சியதை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். திரவக் கல்சியம் அவசரத்துக்கு நாலைந்து நாள் கொடுப்பது. அதையே நம்பி வருடம் முழுக்க ஓட்டினால் காசும் போகும், இரவில் கரைந்து கொடுக்க வயிற்றில் ஒன்றும் மிஞ்சியும் இராது.

வாங்காமலே கிடைப்பது முட்டைக் கோதுதான். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைக்கருவைக் கழுவி, வெயிலில் காயவைத்து, தாச்சியில் பத்து நிமிடம் வறுத்து எடுங்கள். வறுப்பது கிருமிக்காக, ஈரத்தோடு போத்தலில் அடைத்தால் இரண்டு நாளில் நாறும். உள்ளங்கையால் நொறுக்கினால் போதும், மாவாக்க வேண்டாம், ஆனால் முட்டை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு உடைத்துவிடுங்கள். பாதிக் கோதாகப் போட்டால் சில கோழி கூட்டில் கிடக்கும் முட்டையையும் கொத்திப் பார்க்கத் தொடங்கும். மெல்லிய ஓட்டு முட்டை கூட்டில் உடைந்தாலும் அதே பழக்கம் வரும், பிறகு மறக்கடிப்பது பெரும்பாடு. எங்கள் வீட்டில் ஐந்து பேர், ஒரு மாதக் கோது அரைப் போத்தல்கூட வராது. கொத்துரொட்டிக் கடையில் கேட்டால் ஒரு பை தருவார்கள், அதையும் வறுக்காமல் கொடுக்காதீர்கள்.

முல்லைத்தீவு, அளம்பில் பக்கம் போனால் கரையில் ஒதுங்கிய மட்டிச் சிப்பி பொறுக்கலாம். உப்புப் போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் ஊறவைத்துக் கழுவி, காயவிட்டு, உரலில் இடித்து அரிக்க வேண்டும். கூர் முனை இருந்தால் பெரிய பயமில்லை, அரைக்கும் பை அதைத் தேய்த்துவிடும். முருகைக்கல்லை மட்டும் தொடாதீர்கள், அதை எடுப்பது சட்டப்படி குற்றம். தென்னைக்குப் போடும் டொலமைற்றை “அதுவும் சுண்ணாம்புக்கல்தானே” என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள்; அதில் மகனீசியம் அதிகம், கோழிக்குக் கழிச்சல் வரும், ஓடும் தேறாது. வாங்கிய நொறுங்கல் சிப்பியா வெறும் வெண்மணலா என்ற சந்தேகம் வந்தால், ஒரு துண்டில் தேசிக்காய்ப் புளி விடுங்கள். சிப்பி என்றால் பொங்கி நுரைக்கும். மணல் சும்மா கிடக்கும். மணலும் கோழிக்கு வேண்டியதுதான், தீன் அரைக்க. ஆனால் அது கல்சியம் கொடுக்காது, நம் வளவு மண்ணிலேயே தாராளமாகக் கிடக்கிறது.

சிப்பி கொடுத்தும் ஓடு தேறாவிட்டால் வேறு இடத்தில் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கும் வெக்கை மாதங்களில் கோழி வாயைத் திறந்து இளைக்கும். அப்படி இளைக்கும்போது காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறுவதால் ஓடு செய்யத் தேவையான காபனேற்று இரத்தத்தில் குறைந்துவிடுகிறது. தீனும் குறைத்துத்தான் தின்னும். அந்த நேரம் சிப்பியை இரட்டிப்பதில் பயனில்லை, நிழலும் மத்தியானம் மாற்றிய குளிர்ந்த தண்ணீரும்தான் வேலை செய்யும். கிணறு உவர் என்றாலும் ஓடு கெடும். ஒட்டுசுட்டானில் உங்களுக்கு அது இராது, கடல் பக்கத்துக் கிணறுகளுக்குச் சொல்கிறேன். நாள் முழுக்கக் கூட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால் வெயில் படாமல் விற்றமின் டி குறையும், அது இல்லாமல் கல்சியம் உடம்பில் ஏறாது. உங்கள் கோழி வெளியில் மேய்கிறது, அந்தக் கவலை வேண்டாம். இரண்டு வயது தாண்டிய கோழியின் முட்டை பெரிது, ஓடு மெல்லிது, அதை ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் ஒரேயடியாக எல்லாக் கோழியும் முட்டை குறைந்து, ஓடு சுருங்கிச் சொரசொரத்து, தும்மலோ பச்சைக் கழிச்சலோ கண்டால் சிப்பியைத் தேடிக்கொண்டு நிற்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள். ராணிக்கெற் போன்ற நோய்கள் அப்படித்தான் தொடங்கும்.

இன்று பின்னேரமே தொடங்கி ஒன்றிரண்டு கிழமை பாருங்கள். அதோடு தோல்முட்டை எங்கே கிடக்கிறது என்றும் கவனியுங்கள். முட்டைப் பெட்டியில் அல்லாமல் படுக்கும் தடிக்குக் கீழே, எச்சத்தோடு கிடந்தால் அது இரவில் நழுவி விழுந்தது. எந்தக் கோழி எந்த இடத்தில் படுக்கிறது என்று ரோச் அடித்துப் பார்த்து வைத்துக்கொண்டால், போடுகிற ஆள் ஒன்றா மூன்றா என்று தெரிந்துவிடும். ஒன்றே ஒன்று என்றால் எழுதுங்கள், அதற்கு வேறு கதை இருக்கிறது.